யாருக்கு எடுத்த அளவு

மகளுக்குக் காலில் கட்டுப் பிரித்த பிறகு தையல்காரம்மா அவள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போம்மா" என்று மகள் கெஞ்சினாள்.

"என் மெஷின் என்னைத் தேடும்டி" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் இருக்கிற மனுஷனும் தேடுவார்தான். ஆனால் அவருக்கு இப்போது புதுத் துணை கிடைத்திருந்தது. ரம்பம், உளி, இழைப்புளி. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தே கழித்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே வாசல் ஷெட்டில் ஒரு பட்டறை மேசையைப் போட்டுக்கொண்டார். கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டிய ஷெட். கார்தான் கடைசிவரை வரவில்லை.

முதலில் செய்த ஸ்டூல் ஆடியது. அடுத்துச் செய்த அலமாரியைத் திறக்க ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. "தானாத் திறக்கிற கதவுலயே பழகினவருக்கு இழுக்கிற கதவு எப்படி வரும்" என்று அவள் சொல்லப்போக, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதெல்லாம் பழைய கதை.

அந்தக் கதையை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் அவள் தெருமுனையில் இறங்கினாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

லிஃப்ட்காரர் கேட்டிலேயே நின்றிருந்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுடைய பையை வாங்கியதே இல்லை.

"கண்ணை மூடிக்கிட்டு வா."

"மூடிக்கிட்டு வந்தா உங்க ஸ்டூல்ல இடிச்சுக்குவேன். என்னன்னு சொல்லுங்க."

அவர் முன்னால் நடந்தார். வாசலை ஒட்டிய அறையின் கதவைத் தள்ளினார். நெட்டைக்குப் பல் முளைக்கிற காலத்திலிருந்து அவள் தைத்துவருகிற அறை. நெட்டை என்பது அவர்களுடைய ஒரே மகன். பத்தாவது படிக்கும்போதே நிலைப்படியில் இடிக்க ஆரம்பித்ததால் வந்த பெயர்.

அறை மாறிப்போயிருந்தது. ஜன்னல் ஓரத்து மெஷின் இல்லை. சுவர் முழுக்க அடுக்கியிருந்த நூல்கண்டுகள் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு மேல் பழைய கதவு ஒன்றைப் போட்டு அவள் துணி வெட்டிக்கொண்டிருந்த மேசையும் இல்லை. சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. நடுவில் நீளமாக ஒரு மேசை. வார்னிஷ் வாசனை கண்ணைக் கரித்தது.

"எப்படி?" என்றார்.

அவள் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். மேல்பலகை கண்ணாடிபோல் இருந்தது. கால்கள் குறுக்குச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஓர் இடுக்குகூட இல்லை. அந்த ஸ்டூல் செய்த கையா இது?

"ஆணியே அடிக்கல. எல்லாம் மரத்துக்குள்ள மரம் கோத்த பூட்டு" என்றார். "சும்மா ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். ஆடவில்லை. உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்துதான் போனது. தனக்கென்று இந்த மனுஷன் ஒரு பொருளைச் செய்திருக்கிறாரே என்று.

"வெட்டுறதுக்கா?"

"பின்ன?"

வழக்கம்போல மேசையை ஒட்டி நின்றாள். பலகை அவள் விலாவில் இடித்தது.

துணி வெட்டுகிறவளுக்கு மேசை இடுப்பு எலும்பளவுக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் குனியாமல், எம்பாமல், உடம்பின் பாரத்தைக் கத்தரிமேல் இறக்க முடியும். இந்த மேசையில் கத்தரி பிடித்தால் அவள் தோள் காதைத் தொடும்.

"உசரமா இருக்கே."

"அளவு கொஞ்சம் தப்பிப்போச்சு. ஒரு பலகையைக் கீழே போட்டு நின்னுக்கலாம்."

அவருக்கு அளவு தப்புமா? ஸ்டூல் ஆடிய நாளிலிருந்து எதையும் மூன்று தடவை அளக்காமல் ரம்பத்தைத் தொடாத ஆள்.

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். பின் மூலையில், பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. கட்டைவிரல் போகிற அளவு, வட்டமாக, விளிம்பெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கிய ஓட்டை.

"இது எதுக்கு?"

"அது... காத்து போக."

"மேசைக்கு மூச்சு வாங்குதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் கைப்பையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். அது இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. தரையிலிருந்து பலகைவரை பிடித்துப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருடைய உடம்பு அவளுக்கு மனப்பாடம். பெற்ற பிள்ளையுடையது தெரியாதா?

"இது நெட்டையோட முழங்கை" என்றாள்.

அவர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"அவனுக்கு முதுகுவலி. நின்னுக்கிட்டே வேலை பார்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்னு போன மாசம் போன்ல சொன்னான். இது அவன் நிக்கிறதுக்கு எடுத்த அளவு. இந்த ஓட்டை அவன் கம்ப்யூட்டர் ஒயர் போறதுக்கு. எனக்குச் செஞ்சதா இது?"

"கோபப்படாம கேளு."

"கோபத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நீங்க சொல்லுங்க."

சொன்னார். நெட்டையின் ஆபீஸ் கட்டடத்தை மூடிவிட்டார்கள். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டியதுதான். அவன் வீடு தீப்பெட்டி. இரண்டு வாண்டுகள் வேறு. அதனால் தினமும் காலையில் இங்கே வந்து, இந்த அறையில் வேலை பார்த்துவிட்டு, சாயந்திரம் போவான். இன்றைக்கே சாமானோடு வருகிறான்.

"அப்ப நான்?"

"நீ ரெஸ்ட் எடு. உழைச்சது போதும். நானும் ரிட்டையர் ஆயிட்டேன்ல?"

"நீங்க ரிட்டையர் ஆனா நான் எதுக்குத் தையலை விடணும்? எனக்கு யார் மாலை போட்டா? யார் மேடை ஏத்திப் பேசினா? என்னை எந்த ஆபீஸ் வீட்டுக்கு அனுப்பிச்சது?"

"நான் உன் நல்லதுக்குத்தான்..."

"மெஷின் எங்கே?"

அவர் பார்வை ஷெட் பக்கம் போனது. அவள் அதற்குள் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே இறங்கிவிட்டாள்.

ஷெட்டில் கால் வைத்த இடமெல்லாம் மரத்தூள். பட்டறை மேசைக்கு அடியில் ஒரு பழைய போர்வை. விலக்கினாள். போர்வைக்குள்ளும் தூள் புகுந்திருந்தது. மெஷினுக்கு அவள் விட்டிருந்த எண்ணெயில் தூள் ஊறி, களிம்புபோல அப்பிக்கிடந்தது. சக்கரத்தைச் சுற்றினாள். நறநறவென்று அரைத்துவிட்டு நின்றது.

தலைக்கு மேலே புதிதாக ஒரு தட்டு. அதில் உளிகள் வரிசையாக நின்றன. தட்டின் பலகையில் பச்சை பெயின்ட்டும், பழைய தாழ்ப்பாள் இருந்த தடமும். அவளுடைய வெட்டு மேசை. அறுத்துத் தட்டாக்கியிருந்தார்.

சுவர் ஆணியில், ரம்பத்துக்கும் மூலைமட்டத்துக்கும் நடுவில், அவளுடைய கத்தரி தொங்கியது.

அதை எடுத்தாள். கீழே, பட்டறை மேசைமேல், உப்புத்தாள் பட்டை பட்டையாக, நேராக வெட்டப்பட்டுக் கிடந்தது.

"உப்புத்தாளை எதால வெட்டினீங்க?"

வாசலில் நின்றவர் தொண்டையைச் செருமினார். "வேற கத்தரி ஒண்ணும் கையில கிடைக்கல."

தன் முந்தானையின் ஓரத்தில் கத்தரியை வைத்து அழுத்தினாள். அது வெட்டவில்லை. துணியை மென்றது.

"இதால பேப்பர் வெட்டினான்னு நெட்டைகிட்ட ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்தேன். அவனுக்கு அப்ப ஆறு வயசு. தெரியாம செஞ்சான். உங்களுக்கு எத்தனை வயசு?"

"சாணை பிடிச்சாப் போச்சு. இதுக்குப் போயி..."

அந்த 'இதுக்குப் போயி' வராமல் இருந்திருக்கலாம்.

அவள் தட்டிலிருந்து ஓர் உளியை எடுத்தாள். இருப்பதிலேயே நல்ல உளி. தோல் உறை போட்டது. தினமும் ஒரு தடவை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே வைப்பாரே, அது. உறையை உருவினாள். பக்கத்தில் வார்னிஷ் டப்பா. அவர் பார்க்கப் பார்க்க, உளியின் நுனியை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். மூடி திறந்தது. நுனி டிக்கென்று தெறித்தது.

லிஃப்ட்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சாணை பிடிச்சாப் போச்சு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பல் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற பெண்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இருந்தேன். எங்க டாக்டர் அம்மா ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு மாத்தணும். நீங்க தையலை விட்டுட்டதால வேற இடத்துல கொடுத்துடலாமான்னு..."

"நான் விட்டுட்டேன்னு யார் சொன்னா?"

"சார்தாம்மா. ரெண்டு வாரம் முன்னாடி வந்தேனே. 'இனிமே அவ தைக்க மாட்டா, போர்டைக்கூடக் கழட்டிட்டேன்'னு சொன்னாரே."

தையல்காரம்மா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் பையை அவர் வாங்கிய அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. கேட்டை ஒட்டிய சுவரில் அவளுடைய தையல் போர்டு இல்லை. போர்டு இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

"நான் விடல" என்றாள் போனில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி திறக்கும்போது மாதிரிக்கு ஒரு கோட்டு கொண்டு வரேன். டாக்டர் அம்மா பார்க்கட்டும். அதுக்கு அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் கொடுக்கட்டும்."

போனை வைத்தாள். நாளைக் காலை. மெஷின் ஓடவில்லை. கத்தரி வெட்டவில்லை. மேசை இல்லை.

மேசை இருக்கிறது.

சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

அறைக்குள் நுழைந்தாள். தன்னந்தனியாக அந்த மேசையைப் பக்கவாட்டில் சாய்த்தாள். தரை அதிர்ந்தது. தன் இடுப்பு உயரத்தை டேப்பில் பிடித்து, காலுக்குக் கால் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள். ஒரு சாணுக்கு மேல் போக வேண்டும்.

"அது நல்ல மரம்" என்றார். "மூணு வாரம் ராப்பகலா..."

"தெரியுது. அதனாலதான் நெருப்பு வைக்காம அறுக்கறேன்."

ரம்பம் முதலில் வழுக்கியது. பிறகு கடித்தது. பிறகு மாட்டிக்கொண்டது. அவள் அழுத்தினாள்.

"அழுத்தாதே. சும்மா இழு. தன்னால இறங்கும்."

"வாயை மூடுங்க."

இழுத்தாள். இறங்கியது. சொன்னவர்மேல் அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

முதல் கால் துண்டாக விழுந்தபோது அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. இரண்டாவது காலில் சட்டமே நடுங்கியது. ரம்பம் கோட்டை விட்டு விலகியது. அவர் இரண்டடி முன்னால் வந்தார், நின்றார், பிறகு தரையில் மண்டியிட்டு அந்தக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் செய்த மேசையைத் தானே பிடித்துக்கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. மரத்தூள் அவர் தலையில் விழுந்தது.

நாலாவது கால் விழுந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது.

நெட்டை ஒரு கையில் கம்ப்யூட்டர் திரையும் மறு கையில் ஒயர் கட்டுமாக, நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வந்தான். நிமிர்த்தி வைத்த மேசையைப் பார்த்தான். தரையில் கிடந்த நாலு துண்டுகளைப் பார்த்தான்.

"அப்பா, நான் சொன்ன அளவு இது இல்லையே."

"உன் அளவு கீழே கிடக்கு" என்றாள் அவள். "பொறுக்கிக்கோ."

"என்னம்மா ஆச்சு?"

"என் அறையைப் பிடுங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு உனக்குத் தோணலையாடா? இந்த அறையில தைச்சுத்தானே உனக்கு ஸ்கூல் சட்டையிலேருந்து கல்யாணக் கோட்டு வரைக்கும் போட்டேன்."

நெட்டை திரையை மெல்லக் கீழே வைத்தான். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான்.

"நீதான் சொன்னியாமே" என்றான். "கண்ணு தெரியல, கை வலிக்குது, மெஷினைத் தூக்கிடுங்க, அந்த ரூமை அவனுக்குக் கொடுங்கன்னு நீயே சொன்னதா அப்பா சொன்னார். நான் கேட்கவே இல்லம்மா. மாடியில ஒரு ஓரம் கிடைச்சாப் போதும்னுதான் கேட்டேன்."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

தையல்காரம்மா கட்டியவரைப் பார்த்தாள். இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை போலிருந்தது. வாடிக்கைக்காரியிடம் ஒரு பொய். பெற்ற பிள்ளையிடம் ஒரு பொய். தன்னிடம் காத்து போகிற ஓட்டை.

"ஏன்?" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவர் தலையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் தட்டினார்.

"நான் வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நீ ஒரு நாள் என்கூட உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டிருக்கியா? கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. எப்பப் பாரு அங்க யாராவது அளவு கொடுத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஆள் மாதிரி இந்தப் பக்கம் மணி அடிச்சுக்கிட்டு இருக்கேன். மரவேலை ஒண்ணும் ஆசைப்பட்டு ஆரம்பிக்கல. சத்தம் போடணும்னு ஆரம்பிச்சேன்."

"மணி அடிச்சிருந்தா வந்திருப்பேன்" என்றாள். "நீங்க கயித்தை அறுத்துட்டீங்க."

கத்தரியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சாணை பிடிச்சுட்டு வாங்க. இப்பவே. கோட்டு வெட்டணும்."

அவர் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஷெட்டைத் தாண்டும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவும் மகனும் மெஷினை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். அவள் திருகுகளைக் கழற்ற, அவன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூளைத் தோண்டினான். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். "மாடி ரூம்ல ஓட்டுக்குக் கீழ சூடா இருக்கும்டா" என்றாள் நடுவில். "பரவாயில்லம்மா" என்றான். வெயில் இறங்கும் நேரத்தில் சக்கரம் முக்கி முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

வெள்ளைத் துணியை மேசையில் விரித்தாள். மேசை துளி ஆடியது. ஆனால் இடுப்பில் சரியாக வந்து உட்கார்ந்தது. சாக்பீஸால் கோடு போட்டு முடித்தாள். கத்தரிதான் வரவில்லை.

சாணைக் கடை இரண்டு தெரு தள்ளித்தான்.

கேட்டில் சத்தம் கேட்டது. வந்தவர் சாணைக்காரர். கையில் பேப்பரில் சுற்றிய கத்தரி.

"சார் கொடுத்துடச் சொன்னார். நானே கடையை மூடிட்டு வந்தேன். இது என்னம்மா, பாறையை வெட்டினீங்களா?"

"அவர் எங்கே?"

"பஸ் ஏறிட்டாரே. எங்கேன்னு கேட்டேன். வேலைக்குப் போறேன், வீட்டுல சொல்லிடுன்னார்."

"எந்த வேலைக்கு?"

சாணைக்காரர் கையை விரித்தார். "நானும் அதைத்தாம்மா கேட்டேன். சார்தான் ரிட்டையர் ஆயிட்டாரே. சிரிச்சுக்கிட்டே ஏறிட்டார்."

சாணைக்காரர் போன பிறகு நெட்டை அப்பாவின் நம்பருக்கு அடித்தான். ஷெட்டுக்குள், உப்புத்தாள் துண்டுகளுக்கு நடுவில் மணி அடித்தது. மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றேதான் விட்டுப் போனாரோ.

"அம்மா, நான் போய்த் தேடறேன்."

"முதல்ல அந்த நுனியைப் பிடி."

அவன் பிடித்தான். அவள் கத்தரியைத் துணியில் வைத்து அழுத்தினாள். துணி தண்ணீர்போல் பிளந்தது. தோள், கை, முதுகு. கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. கோபம் வந்தால் அவள் கைக்கு நேர்த்தி கூடும். இன்றைக்கு இருந்த கோபத்துக்கு ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் வெட்டியிருக்கலாம்.

கடைசித் துண்டு. காலர். துணியின் மூலை அந்த ஓட்டைக்கு மேலே வந்தது. கத்தரி ஒரு கணம் அதில் இறங்க, வெட்டு கோட்டை விட்டு விலகியது.

அவள் கையை நிறுத்தினாள். அந்த ஓட்டையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்து தேய்த்தாரோ, விளிம்பில் நகம்கூட மாட்டவில்லை.

கத்தரியைப் பேப்பரில் சுற்றி, யார் கைக்கும் சட்டென்று எட்டாத உயரத்தில் வைத்தாள். இஞ்ச் டேப் கழுத்தில் கிடந்தபடியே கிடக்க, செருப்பைத் தேடிப் போட்டாள்.

"எங்கம்மா கிளம்பறே? இரு, நான் போய் அவரைக் கூட்டிட்டு வரேன்" என்றான் நெட்டை.

"நீ போக வேண்டாம். நீ போனா அவரைச் சமாதானம்தான் பண்ணுவே" என்றாள். "வேலைக்குன்னா அந்தப் பழைய லிஃப்ட் ஆபீஸ் வாசல்லதான் நிப்பார். நான் போறேன். நான் இன்னும் திட்டி முடிக்கல."